செயலியில் வாங்கிய உணவு கெட்டுப்போயிருந்தால் யார் பொறுப்பு?

திடீரென விருந்தினர் வந்தால் கைப்பேசியில் பிரியாணி ஆர்டர் செய்வது இன்று நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ‘ஹலால் கடையா?’ என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் மார்க்கம் ஹலாலோடு ‘தய்யிப்’, அதாவது தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். சுத்தத்தில் காட்டும் அலட்சியம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த இரு மரணங்களே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 இந்தப் பொறுப்பை ஒருவர் மீது மட்டும் சுமத்தவில்லை.

உணவகம்: பதிவோ உரிமமோ இல்லாமல் உணவு விற்கக் கூடாது. 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது.

செயலி நிறுவனம்: ‘நாங்கள் கொண்டுவந்து கொடுப்பவர்கள் மட்டுமே’ என்று ஒதுங்க முடியாது. அதுவும் உரிமம் பெற வேண்டும். உரிமம் உள்ள கடைகளையே பட்டியலில் சேர்த்து, அந்த எண்ணை வாடிக்கையாளர் பார்க்கும்படி காட்ட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் மூலம், உணவின் பாதுகாப்பு கெடாமல் கொண்டுசேர்ப்பதும் அதன் கடமை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி அதன் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

உணவால் பாதிப்பு ஏற்பட்டால் சட்டத்தின் 65ஆம் பிரிவு இழப்பீடு தரச் சொல்கிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை.

நாம் செய்ய வேண்டியவை

உணவு கெட்டிருப்பது தெரிந்தால் கொட்டிவிடாதீர்கள். பொட்டலம், பில், உணவு மூன்றையும் புகைப்படம் எடுங்கள். மீதியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உடல்நிலை பாதித்தால் மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். செயலியில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது என்பதற்காக அதோடு விட்டுவிட வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவித்தால்தான் அந்தக் கடையில் சோதனை நடக்கும், அடுத்த வீட்டுக் குழந்தை காப்பாற்றப்படும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

ஒன்றை நினைவில் வையுங்கள். அரசு தரும் உரிம எண் ஹலால் சான்று ஆகாது. ஹலால் பலகை சுத்தத்துக்குச் சான்றும் ஆகாது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

விற்பவர்களுக்கும்

வீட்டில் பிரியாணியும் சமோசாவும் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் விற்கும் சகோதரிகள் நம்மிடையே பலர். உழைத்துச் சம்பாதிக்கும் அவர்களை ஆதரிப்பது நம் கடமை. அதே நேரம், வீட்டுச் சமையலறையில் இருந்து விற்பதற்கும் பதிவு கட்டாயம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் இணையத்தில் விண்ணப்பிக்க உதவலாம். ஜமாஅத் நிர்வாகங்கள் ரமளானுக்கு முன் இதற்கென ஒரு முகாம் நடத்தலாம்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு விற்றவரைக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். மூடிய பொட்டலத்தில் உணவு அனுப்புகிறவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. பிறர் வயிற்றுக்குள் போகும் உணவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.