மண்ணறிந்த மக்கள்

அந்தலூஸ் என்றதும் குர்துபாவின் பள்ளிவாசலும் கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையும் நம் உள்ளத்தில் எழுகின்றன. முஸ்லிம் ஸ்பெயினின் கட்டடச் சிறப்பைப் போற்றாதார் இல்லை. ஆனால், அக்கட்டடங்களைச் சூழ்ந்திருந்த மண்ணையும் அம்மக்கள் ஓர் அறிவுத் துறையாகவே பேணி வளர்த்தனர் என்பதை அறிந்தோர் சிலரே.

பதினோராம் நூற்றாண்டில் டொலேடோ நகரை ஆண்ட அல்மஃமூன் ஆற்றங்கரையிலே அரச தோட்டம் ஒன்றை அமைத்தார். அதனைப் பேணிய அறிஞருள் ஒருவர் இப்னு பஸ்ஸால். ஹஜ்ஜுக்குச் சென்ற வழியெங்கும் பயிர்த்தொழிலைக் கண்டறிந்து வந்தவர் அவர். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குணத்தையும் அதற்கேற்ற பயிரையும் எருவையும் தம் நூலிலே விளக்கினார். மண்ணை நல்லது, கெட்டது என்று இரண்டே சொல்லில் அவர் முடித்துவிடவில்லை என்பது கருதத்தக்கது.

1085இல் டொலேடோ வீழ்ந்தது. இப்னு பஸ்ஸால் இஷ்பீலியா எனப்பட்ட செவில் நகரை அடைந்தார். அங்கே மன்னர் அல்முஃதமிதுக்காக மீண்டும் ஒரு தோட்டம் கண்டார். ஊரை இழந்தவர் தம் கலையை இழக்கவில்லை!

அதே செவிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்னுல் அவ்வாம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் பெருநூலை எழுதினார். 585 செடிகொடி மரங்களைப் பற்றிப் பேசும் அந்நூல் எதிலிருந்து தொடங்குகிறது? மண்ணிலிருந்து! அடுத்து எரு, அதற்கடுத்து நீர். முன்னோர் சொன்னவற்றைத் தொகுத்ததோடு அவர் நிற்கவில்லை. பலமுறை செய்து பார்த்துத் தெளிந்ததையே தம் கருத்தாக எழுதியதாக அவரே உரைக்கிறார்.

நிறத்தாலும் மணத்தாலும் தொடு உணர்வாலும் மண்ணைச் சோதிக்கும் வழிகள் அதில் உள்ளன. மண்ணை நன்னீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைச் சுவைத்துப் பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. உவர்ப்பு நாவில் தெரிந்துவிடும். எருவைப் புதிதாக இடலாகாது, மக்கவிட்டே இடவேண்டும் என்பது அந்நூலோர் கொள்கை. புத்தெரு மண்ணுக்குள் கிடந்து புளிக்கும்போது எழும் வெப்பம் இளவேரைக் கருக்கிவிடும். புறா எச்சத்தை அவர்கள் மிக உயர்வாக மதித்தனர். ஆயினும் அதன் வேகமறிந்து அளவோடு இட்டனர்.

அரசர்களின் தோட்டங்களுக்கு மட்டுமா இந்த அறிவு? அல்மெரியாவைச் சேர்ந்த இப்னு லுயூன் 1348இல் இயற்றிய செய்யுள் நூல் இல்லத்தோடு இணைந்த தோட்டத்தைப் பற்றியும் பேசுகிறது. வீடு சற்று மேட்டிலே தெற்கு நோக்கி அமைதல், கிணற்றையோ குளத்தையோ உயர்ந்த இடத்தில் வைத்து நீரைத் தானே ஓடச்செய்தல், இலையுதிராச் செடிகளை நீரருகே நடுதல், எல்லையில் திராட்சைக் கொடி படரவிடுதல் என அவர் வகுத்த முறை இன்றும் வியப்பூட்டுகிறது. கொள்ளை நோய் அல்மெரியாவை வாட்டிய ஆண்டும் அந்த 1348தான். மரணம் வாசலில் நின்ற காலத்திலும் நாளைய நிழலுக்கு வழி சொன்னார் ஒருவர்!

1492இல் கர்னாத்தாவும் வீழ்ந்தது. 1609 முதல் 1614 வரை, முஸ்லிம் மரபில் வந்த மொரிஸ்கோ மக்கள் நாடுகடத்தப்பட்டனர். கைகள் போயின, சொற்கள் தங்கின. நீர்த்தொட்டியை ஸ்பானியர் ‘அல்பெர்க்கா’ என்பது ‘அல்பிர்க்கா’ என்னும் அரபுச் சொல்லே. வாய்க்காலை ‘அசேக்கியா’ என்பது ‘அஸ்ஸாக்கியா’ என்பதன் திரிபே. இப்னுல் அவ்வாமின் நூலை 1802இல் மத்ரீதில் ஸ்பானிய மொழியாக்கத்துடன் அச்சிட்டனர். விரட்டப்பட்டவர்களின் அறிவை அந்நாடு மீண்டும் தேடிப் படித்தது.

அந்நூலை மதிப்பதற்கு நாம் செவிலுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் கொல்லையிலே வேம்பும் முருங்கையும் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம்; முற்றத்தைச் சிமெண்டால் மூடுகிறோம்; பிறகு, மண் சரியில்லை என்று குறை கூறுகிறோம். ஒரு குழி தோண்டிச் சருகையும் சாணத்தையும் சாம்பலையும் இட்டு, நீர் தெளித்து மக்கவிட்டால், சில மாதங்களில் அது எருவாகும். மண்ணைப் பழிப்பதற்கு முன் அதனை அறிய முயல்வோம். அந்தலூஸ் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் இதுவும் ஒன்று.