துணிக்கு அடங்கிய கத்தரி

குளிர்காலக் கவுனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெட்டின் வரலாற்றையே எழுதுகிறார்கள். இடுப்பு எப்போது இறங்கியது, கை எப்போது உப்பியது, பாரிஸில் யார் எதை ஒழித்துக்கட்டினார் என்று பக்கங்கள் நிறையும். துணி அங்கே பேசாத மூலப்பொருள். கத்தரி சொன்னபடி கேட்கும். லண்டனின் தென்மேற்கில், விம்பிள்டனை ஒட்டிய மெர்ட்டனில், வாண்டில் ஆற்றங்கரையில் நடந்ததைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் இங்கிலாந்துப் பெண்களில் ஒரு சாராரின் குளிர்கால உடை விறைப்பை விட்டு இளகியது. அதற்கு முதற்காரணம் தையற்காரரின் புதுமையல்ல, கைக்கு மெத்தென்று வந்துசேர்ந்த துணி. அந்தத் துணியில் பூவும் கொடியும் விழுந்த முறைக்குச் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் ஆசான்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'இங்கிலாந்தின் கைவினை உடை' என்று பேசுவது பாதிக் கதை.

முதலில் பழைய உடை எப்படி இருந்தது என்று பார்க்கலாம். திமிங்கல எலும்போ எஃகுப் பட்டையோ வைத்துத் தைத்த இறுக்கமான உள்கச்சு, அதன்மேல் அடுக்கடுக்காய்ப் பாவாடைகள், பின்புறம் தூக்கி நிறுத்தும் சட்டகம், எல்லாவற்றுக்கும் மேலே லைனிங் கொடுத்த கனத்த கவுன். உடலுக்குத் துணி பொருந்தவில்லை. உள்கச்சு வார்த்த அச்சுக்குத் துணி பொருந்தியது. 1884இல் விம்பிள்டன் வோர்ப்பிள் சாலை மைதானத்தில் முதன்முதலாகப் பெண்கள் ஒற்றையர் போட்டி நடந்தபோது, வென்ற மோட் வாட்சனும் அவரிடம் தோற்ற அக்கா லிலியனும் கணுக்கால் வரை நீண்ட பாவாடையோடுதான் பந்தை விரட்டினார்கள். கோடை விளையாட்டிலேயே இதுதான் நிலை என்றால் குளிர்காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1881இல் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகள் காலணி நீங்கலாக ஏழு பவுண்டுக்கு மேல் இருக்கலாகாது என்று கேட்டுக்கொண்டது. ஏழு பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கும் அதிகம். சீர்திருத்தக்காரர்களே ஒப்புக்கொண்ட உச்சவரம்பு இது! நிறங்களும் இப்படித்தான். 1856இல் பெர்கின் தற்செயலாகக் கண்டுபிடித்த ஊதாச் சாயத்தைத் தொடர்ந்து வந்த ரசாயனச் சாயங்கள் கண்ணைப் பறித்தன.

இந்தச் சந்தைக்குள் 1875இல் ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி ரீஜண்ட் தெருவில் கடை திறந்தார். கிழக்கிலிருந்து வந்த பட்டுகள்தான் அவருடைய முதல் பலம். இந்தியப் பட்டுகளைச் சாயமிட்டு அச்சடித்துத் தர லீக் ஊரின் தாமஸ் வார்டில் இருந்தார். டசர் பட்டு சாயம் ஏற்காது என்ற எண்ணத்தைப் பொய்யாக்கி 1878 பாரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கியவர் அவர். லிபர்ட்டியின் கணக்கில் குளிர்காலத்துக்கு முக்கியமானது 1879இல் வந்த 'உம்ரிட்சா காஷ்மீர்'. இந்தியக் கம்பளியின் மென்மையை மனத்தில் வைத்து இங்கிலாந்திலேயே நெய்த கம்பளித் துணி அது. பெயரை மட்டும் அமிர்தசரஸிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. இலைப்பச்சை, மயில்நீலம், பழுத்த மஞ்சள் என்று அடங்கிய நிறங்கள். 1881இல் கில்பர்ட்டும் சல்லிவனும் இத்தகைய துணிகளை விரும்பிய அழகியல் இயக்கத்தாரைக் கேலிசெய்து 'பேஷன்ஸ்' இசைநாடகம் போட்டபோது, நடிகைகளின் உடைக்குத் துணி லிபர்ட்டி கடையிலிருந்தே போயிற்று. கேலியும் விளம்பரமானது. 1884இல் கடைக்குள் உடைப் பிரிவு வந்தது. அதற்குத் தலைமை ஏற்ற எட்வர்ட் வில்லியம் காட்வின் ஒரு கட்டடக் கலைஞர். அதே ஆண்டு லண்டன் சுகாதாரக் கண்காட்சிக்காக உடைக்கும் உடல்நலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் ஒரு கைநூலும் எழுதினார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். 1875இல் துணி வந்தது, 1879இல் மெல்லிய கம்பளி வந்தது, உடைப் பிரிவு வந்ததோ 1884இல். ஏறத்தாழப் பத்தாண்டுகள் துணி முந்தி நடந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பெண்கள் கஜக்கணக்கில் துணி வாங்கிப்போய் வீட்டிலோ தெருமுனைத் தையற்காரியிடமோ தைத்துக்கொண்டார்கள். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் தொழில்நுட்பமானது. விறைப்பான டஃபெட்டாவை டார்ட் பிடித்து, எலும்புப் பட்டை செருகி, லைனிங் ஒட்டி நிறுத்தலாம். இழைந்து விழும் கம்பளியிலும் கழுவிய பட்டிலும் அதே டார்ட் பிடித்தால் தையல் இழுத்துக்கொள்ளும், துணி சுருண்டு நிற்கும், அதன் விழுகை கெடும். வெட்டாமல் உடலுக்குப் பொருத்த ஒரு வழி வேண்டியிருந்தது. அது இங்கிலாந்தின் வயல்களிலேயே இருந்தது. உழவர்களும் வண்டிக்காரர்களும் போட்ட தொளதொளப்பான மேலங்கியில், துணியைக் கொசுவம் போல நெருக்கமாகச் சேர்த்து, அந்த மடிப்புகளின் தலையில் ஊசிவேலை செய்து பிடித்திருப்பார்கள். தையற்காரர்கள் ஸ்மாக்கிங் என்று சொல்லும் அதே வேலைதான். பிடித்த இடத்தில் துணி உடலோடு ஒட்டும்; பிடிப்பு முடிகிற இடத்தில் தானாக விரியும். மூச்சை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மார்பிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இப்படிப் பிடித்துவிட்டால் உள்கச்சு தேவையில்லை. குளிருக்கும் இது தோது: நெருங்கிய மடிப்புகளுக்கு இடையே தங்கும் காற்று கதகதப்பைக் காக்கிறது. லிபர்ட்டியின் பெண்கள், குழந்தைகள் கவுன்களுக்கு அடையாளமே இந்த வேலையானது. ஏழை உழவனின் அங்கியிலிருந்து எடுத்தது சீமாட்டியின் மார்பில் ஏறியதில் உள்ள முரணை அன்றைய கேலிச்சித்திரக்காரர்கள் எப்படித் தவறவிட்டிருப்பார்கள்?

மாற்றம் துணியால் வரவில்லை, கருத்தால் வந்தது என்று ஒரு மறுப்பு எழலாம். ஓவியர்களின் வீட்டுப் பெண்கள் 1860களிலேயே கச்சில்லாத தளர்ந்த உடைகளை அணிந்தார்கள். வில்லியம் மோரிஸின் மனைவி ஜேன் மோரிஸ் அதற்குப் பெயர்போனவர். மருத்துவர்கள் கச்சைக் கண்டித்தார்கள். கம்பளியே ஆரோக்கியம் என்ற குஸ்தாவ் யேகரின் கொள்கையை வைத்து 1884இல் லண்டனில் ஒரு நிறுவனமே எழுந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கருத்து இருபது ஆண்டுகள் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றதே, ஏன்? ஓவியர் வீட்டுப் பெண்ணுக்கு உடையைத் தானே வடிவமைக்கும் துணிவும் ஓய்வும் இருந்தன. நடுத்தர வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது கடையில் கிடைக்கிற, தொட்டுப்பார்த்து வாங்குகிற துணி. அது கிடைத்தபின்பே கருத்து தெருவுக்கு வந்தது. இன்னொரு மறுப்பு வலுவானது: பாரிஸ் பாணிக்கு முன் லிபர்ட்டி உடை என்றும் சிறுபான்மைதானே? ஆம், சிறுபான்மைதான். அதை மறுக்க நான் முனையவில்லை. தோன்றிய இடத்தில் ஒரு மாற்றம் எப்படித் தோன்றியது என்பதே இங்கே கேள்வி. எத்தனை பேர் அணிந்தார்கள் என்பது வேறு கணக்கு.

இனி ஆற்றுக்கு வரலாம். குரோய்டன் பக்கம் ஊறி மிட்சம், மெர்ட்டன் வழியாகத் தேம்ஸில் சேரும் வாண்டில் சிறிய ஆறு. ஆனால் நிதானமான வேகமும் தெளிந்த நீரும் கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அச்சுச் சீட்டித் துணி இங்கிலாந்தை ஆட்டிவைத்தபோது, அதைப் போலச் செய்ய முயன்றவர்கள் லண்டனைச் சுற்றிய ஆற்றங்கரைகளைத் தேடிப் போனார்கள். 1676இல் வில்லியம் ஷெர்வின் பெற்ற காப்புரிமை, இந்திய முறையில் அச்சிடுவதையே தன் தகுதியாகச் சொல்லிக்கொண்டது. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1701 முதல் இந்திய அச்சுத் துணி இறக்குமதிக்குத் தடை. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி அணிந்துபோன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். 1721இல் வந்த சட்டம் அச்சுப் பருத்தியை அணிவதையே குற்றமாக்கியது. 1774இல்தான், முழுக்க உள்நாட்டிலேயே நூற்று நெய்த பருத்தியில் அச்சிட்டு விற்க வழி பிறந்தது. இந்தத் தடைகளுக்கு நடுவிலும் அச்சுத் தொழில் வாண்டில் கரையில் வேரூன்றிவிட்டது. 1538இல் எட்டாம் ஹென்றி கலைத்த மெர்ட்டன் மடத்தின் நிலத்தில் இருந்த பட்டறைகளும் அவற்றில் அடங்கும்.

இவர்கள் போலச் செய்ய முயன்றது எதை? புதுச்சேரி, காரைக்கால் பகுதியில் பணியாற்றிய கேர்தூ பாதிரியார், தம் சபையில் சேர்ந்திருந்த துணிக் கைவினைஞர்களிடம் கேட்டறிந்து 1742இல் எழுதிய கடிதம் அதைப் படிப்படியாகச் சொல்கிறது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மேலே இடப்போகும் கரைசல் பரவாமல் தடுக்கும். கறுப்புக் கோடுகளுக்குப் புளித்த கஞ்சியில் ஊறிய இரும்பின் சாறு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசல். பிறகு முழுத் துணியையும் சாயவேர்க் கொதிநீரில் போட்டால், படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்தில் ஏறியது வெளுத்துப்போகும். நீலம் கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். சாயவேர் என்பது நம் இம்பூறல். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர் ஆட்சி அதைத் தோண்டுவதைத் தன் பிடிக்குள் வைத்திருந்தது என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். இங்கே உண்மையான அறிவு நிறத்தில் இல்லை. நிறத்தை எங்கே பற்றவைப்பது என்பதில் இருக்கிறது: ஒரே தொட்டியில் முக்கியெடுத்த துணியில் பல நிறங்கள் எழும். வாண்டில் கரைக்காரர்கள் தூரிகைக்குப் பதில் மரக்கட்டை அச்சை வைத்தார்கள், சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி இனத்து மேடர் வேரை வைத்தார்கள். இரண்டு வேரிலும் அலிசரின் என்ற ஒரே சாயப்பொருள் இருப்பதால் விளைவு மாறவில்லை.

வில்லியம் மோரிஸ் 1881இல் மெர்ட்டன் அபேயில் பட்டறை அமைத்ததும் இந்த நீருக்காகத்தான். தரையில் பதித்த அவுரித் தொட்டிகளில், துணி முழுவதையும் நீலமாக்கிவிட்டு, வெண்மை வேண்டிய இடத்தை வெளுப்பியால் மீட்கும் முறையை அவர் கைக்கொண்டார். 1883இன் புகழ்பெற்ற 'ஸ்ட்ராபெர்ரித் திருடன்' அப்படி வந்தது. மெழுகால் வெண்மையைக் காத்த நம் கரையின் முறைக்கு நேர் எதிர்த்திசையில் நடந்து அதே இடத்தை அடைந்த வேலை. ஆனால் மோரிஸை இந்தக் கதையின் நாயகனாக்கக் கூடாது. அவருடைய துணிகள் பெரும்பாலும் திரைச்சீலைக்கும் நாற்காலிக்கும் போனவை. உடைக்கான துணி அச்சானது பக்கத்திலிருந்த எட்மண்ட் லிட்லரின் பட்டறையில். லிபர்ட்டிக்காக நீண்டகாலம் அச்சிட்டுவந்த அதை 1904இல் லிபர்ட்டி நிறுவனமே வாங்கிக்கொண்டது. நீர்ச்சக்கரத்தின் விசையில் சுழலும் உருளைகளில் சுற்றி, அச்சிட்ட துணியை ஆற்றிலேயே அலசினார்கள். மாங்காய்க் கொடி படர்ந்த பட்டும் பொடிப்பூத் துணியும் இங்கிருந்து போயின.

மிகக் கூர்மையான மறுப்பு இன்னும் பாக்கி. சோழமண்டலக் கரையில் வேலை நடந்தது பருத்தியில்; குளிர்காலக் கவுன் கம்பளியில். படிகாரமிட்டுக் கம்பளியைச் சிவப்பாக்க ஐரோப்பாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே? சரிதான், ரோமர் காலத்திலேயே அவர்களுக்கு அது தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது கம்பளி முழுவதையும் ஒரே நிறமாக்குவது. பூ வேண்டுமென்றால் தறியிலோ ஊசியிலோதான் கொண்டுவர வேண்டும். நெய்த பூ துணியைக் கனமாக்கும். மெல்லிய கம்பளியின் மேல், எடை கூடாமல், பல நிறத்தில் பூ விழவேண்டும் என்றால் அச்சு ஒன்றே வழி. அச்சுப் பட்டறையும் கட்டை செதுக்கும் கையும் நிறத்தை இடம்பார்த்து வைக்கும் பழக்கமும் சீட்டியைப் பின்பற்றப்போய் உண்டானவை. கம்பளி அச்சில் ஆவியில் வேகவைத்துச் சாயத்தை நிலைக்கச் செய்வது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சொந்தச் சேர்க்கை. அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. கடன் கம்பளியில் இல்லை, கம்பளிமேல் விழுந்த பூவில் இருக்கிறது.

'கையால் செய்தது' என்ற பெருமையையும் அளந்தே ஏற்க வேண்டும். 1880களில் தையல் எந்திரம் சாதாரணம்; நீளத் தையல்கள் அதில்தான் ஓடியிருக்கும். ஸ்மாக்கிங்கும் காஜாவும் எம்ப்ராய்டரியும்தான் கைவேலை, அதைச் செய்த பெண்களின் பெயர் எந்தக் கவுனிலும் இல்லை. விலையும் உழைக்கும் வீட்டுக்கு எட்டாதது. 1876இல் ஜோசப் ஈலி விம்பிள்டனில் தொடங்கிய கடை போன்ற புறநகர்க் கடைகளும் வீட்டுத் தையலும்தான் குளிர்கால உடையைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தன.

மோரிஸின் பட்டறை 1940இல் மூடியது. லிபர்ட்டியின் அச்சு 1972இல் நின்றது. கட்டடங்கள் சில 'மெர்ட்டன் அபே மில்ஸ்' என்ற பெயரில் கைவினைச் சந்தையாக நிற்கின்றன, நீர்ச்சக்கரமும் இருக்கிறது. எஃப்ரா சாலையில் 1981இல் எழுந்த கணபதி கோயிலுக்கு வரும் தமிழர்களுக்கு இது நடந்துபோகும் தூரம். தமிழ்நாட்டில் திருப்பனந்தாள் பக்கத்தில் கருப்பூர் கலம்காரியை இன்னும் சில குடும்பங்கள் வரைகின்றன. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கரையின் தொழில் சந்தையாகிவிட்டது, மறு கரையில் கொஞ்சம் உயிரோடிருக்கிறது. விம்பிள்டன் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் பிள்ளைகளை ஒருமுறை அந்தச் சக்கரத்தின் பக்கம் அழைத்துப்போக வேண்டும். போகும்போது சாயவேரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.