சாரதியின் காதுக்குள் யார்?

போன மாதம் மாமா வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். ரொறொன்ரோவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ரக் ஓடுகிறவர். "பிள்ளையள், பாதை காட்டுற ஜிபிஎஸ் ஒண்டும் காதில மாட்டுற ஹெட்செற் ஒண்டும் வாங்கோணும். கடையில நூறு விதம் கிடக்கு. நீங்கள் கம்பஸில படிக்கிற ஆக்கள், ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ."

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். விலை பார்க்கத்தான் தொடங்கினோம். ஆனால் இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று தேடப் போய், அமெரிக்க நெடுஞ்சாலைகளின் ஐம்பது வருடக் கதைக்குள் இறங்கிவிட்டோம். அந்தக் கதை முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: சாரதியின் பக்கத்தில் இருக்கிற கருவியை யார் தெரிவு செய்தது?

1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. டீசல் விலை ஏறியது, பல இடங்களில் டீசலே இல்லை. 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: நாடு முழுக்க மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. மைல் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகத்தைக் குறை என்றால், சம்பளத்தைக் குறை என்றுதான் அர்த்தம்.

சட்டம் வருவதற்கு முன்னமே, 1973 டிசெம்பரில், பென்சில்வேனியா, ஒஹையோ பக்கங்களில் சாரதிகள் ரக்குகளைக் குறுக்கே நிறுத்தி நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்ததில் பெரிய பங்கு சிபி றேடியோவுக்கு. 4 வாற் சக்திதான், சில மைல் தூரம்தான் கேட்கும். ஆனால் ஒரு ரக்கில் இருந்து அடுத்த ரக்குக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று சேதி ஓடிக்கொண்டே போகும். எங்கே டீசல் இருக்கு, எங்கே பாதை பூட்டியிருக்கு, எந்த வளைவில் பொலிஸ் ஒளிஞ்சு நிற்குது. பொலிசுக்கு அவர்கள் வைத்த பேர் 'ஸ்மோக்கி'. காட்டுத்தீ விளம்பரத்தில் வரும் கரடியின் தொப்பியும் நெடுஞ்சாலைப் பொலிசின் தொப்பியும் ஒரே மாதிரி.

சட்டப்படி சிபிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கனபேர் எடுக்கவேயில்லை. சொந்தப் பேரையும் சொல்வதில்லை, ஆளுக்கொரு பட்டப்பேர். 1976இல் ரக் சாரதிகளின் சிபி பேச்சை வைத்து வந்த 'கொன்வோய்' என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1977 ஜனவரியில் அலைவரிசைகளை 23இலிருந்து 40ஆகக் கூட்டினார்கள். 1983இல் அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இதை ஒரு சமத்துவ உலகமாக நாங்கள் காட்டப் பார்க்கவில்லை. அதே றேடியோவில் இனவாதப் பேச்சும் தாராளமாக ஓடியது. ஆனாலும் ஒன்று உண்மை: சாரதி தன் காசில் வாங்கி, தானே பூட்டி, விரும்பினால் நிற்பாட்டி வைக்கக்கூடிய கருவி அது. பாதை சொன்னது இன்னொரு சாரதியின் வாய்.

1980இல் போக்குவரத்துத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் வந்தது. புதுக் கம்பனிகள் கூடின, போட்டி கூடியது, சாரதிகளின் உண்மை வருமானம் இறங்கியது. போட்டியில் நிற்கிற கம்பனிக்குத் தன் ரக் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதுவரை சாரதி தெருவோரத் தொலைபேசியில் வரிசையில் நின்று கந்தோருக்குச் சொன்னால்தான் தெரியும். 1988இல் குவால்கொம் கம்பனி ஒம்னிற்ராக்ஸ் என்ற செய்மதிக் கருவியைக் கொண்டுவந்தது. முதல் பெரிய வாடிக்கையாளர் ஷ்னைடர் என்ற ரக் கம்பனி. ரக்கின் கூரையில் அன்ரனா, உள்ளே ஒரு சின்னத் திரையும் விசைப்பலகையும். வரிசையில் நிற்கிற அலைச்சல் போனது உண்மை. ஆனால் இந்தக் கருவியைத் தெரிவு செய்தது கம்பனி.

ஜிபிஎஸ்ஸின் கதை வேறு. அமெரிக்க இராணுவம் அதன் முதல் செய்மதியை 1978இல் அனுப்பியது. 1983இல் பாதை தவறி சோவியத் வான்பரப்புக்குள் போன கொரிய விமானத்தைச் சுட்டு விழுத்தியதில் 269 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜிபிஎஸ் பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று றேகன் அரசு அறிவித்தது. அப்பவும் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தார்கள், 100 மீற்றர் வரை பிழைக்கும். 2000 மே மாதம் அதையும் நிற்பாட்டினார்கள். அதன் பிறகு ஜிபிஎஸ் கடைச் சாமான் ஆனது.

ஆனால் கடைக்கு வந்தது காருக்கான ஜிபிஎஸ். நியூயோர்க்கின் பார்க்வே என்ற பாதைகள் 1920களில் இருந்து கார்களுக்கென்றே கட்டப்பட்டவை. பாலங்கள் பதிவு, ரக்குகளுக்கு அனுமதியில்லை. காரின் ஜிபிஎஸ்ஸுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டில்லை. 'வலப்பக்கம் திரும்பு' என்கும், 13 அடி 6 அங்குல உயரமான ரக் போய்ப் பாலத்தில் முட்டும். உயரம், நிறை, நீளம் எல்லாம் பதிந்து பாதை கேட்கக்கூடிய ரக் ஜிபிஎஸ்களைக் கார்மின், ரான்ட் மக்னலி போன்ற கம்பனிகள் 2010ஐ ஒட்டித்தான் கடைக்குக் கொண்டுவந்தன.

ஹெட்செற்றைக் கொண்டுவந்தது சட்டம். ரக் சாரதிகள் ஓடிக்கொண்டு குறுந்தகவல் அடித்தால் விபத்துக்குக் கிட்டப் போகும் ஆபத்து 23 மடங்கு கூடுகிறது என்று 2009இல் வேர்ஜினியா ரெக் ஆய்வு சொன்னது. 2012 ஜனவரி 3 முதல் அமெரிக்காவில் ரக் சாரதி கையில் தொலைபேசி பிடித்துப் பேசக்கூடாது. அப்போது தண்டம் சாரதிக்கு 2,750 டொலர் வரை, கம்பனிக்கு 11,000 டொலர் வரை இருந்தது. ஒரு பொத்தானை அமத்திப் பேசலாம். அப்படித்தான் காதில் ஒரு சாமான் எல்லாருக்கும் தேவைப்பட்டது.

கை சும்மா இருந்தால் மனமும் சும்மா இருக்குமா? 2001இல் யூற்றா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் கவனம் ஒரே மாதிரித்தான் சிதறியது. வேர்ஜினியா ஆய்விலோ, கை படாமல் பேசிய ரக் சாரதிகளுக்கு ஆபத்துக் கூடவில்லை. இரவு முழுக்கத் தனிய ஓடுகிறவருக்கு ஒரு குரல் நித்திரையை விரட்டவும் கூடும். ஆனால் அந்தக் குரல் யாருடையது? மாமி "சாப்பிட்டாச்சே" என்று கேட்பதும், கந்தோர் "ஏன் இன்னும் போய்ச் சேரேல்லை" என்று கேட்பதும் ஒன்றில்லையே. 2017 டிசெம்பரில் இருந்து சாரதி ஓடிய நேரத்தையும் இலத்திரனியல் கருவிதான் பதிகிறது. அதை ரக்கில் பூட்டுவது சாரதியின் விருப்பம் இல்லை, சட்டம். ஆக, மாமா கேட்ட இரண்டு சாமான்களும்தான் சாரதி தானே தெரிவு செய்ய மிச்சமிருப்பவை.

எல்லாவற்றையும் மாமாவுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி பிள்ளையள், நான் எதை வாங்கிறது?" என்றார்.

சொன்னோம். காருக்கான ஜிபிஎஸ் வேண்டாம். ரக்கின் உயரமும் நிறையும் பதியக்கூடியதாக எடுங்கோ, வரைபடத்தை ஒழுங்காகப் புதுப்பியுங்கோ. அப்பவும் பாலத்துக்கு முன்னால இருக்கிற பலகையை நம்புங்கோ. ஹெட்செற் ஒரு காதுக்குத்தான், கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடி ஓடுவது குற்றம். எஞ்சின் இரைச்சலை வெட்டுகிற மைக் வேண்டும், பற்றரி முழு நாளுக்கும் நிற்க வேண்டும். உங்கட காசில, உங்கட பேரில வாங்குங்கோ. வாங்கின பிறகு, அதை எப்படி நிற்பாட்டுறது என்று முதலில பழகுங்கோ.

மாமா சிரித்தார். "அதுதான் எனக்கு முதலே தெரியுமே."