பிலிம் சுருளின் கதை

1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கொடாக் கமராவுக்குள்ளேயே 100 படங்களுக்கான பிலிம் இருந்தது. எடுத்து முடிந்ததும் கமராவையே அமெரிக்காவின் ரொச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். விலை 25 டொலர். 1900இல் வந்த பிரௌனி கமராவோ ஒரே ஒரு டொலர். அதன் பிறகுதான் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் கமரா வந்தது.

ஆனால் கம்பனிக்கு உண்மையான இலாபம் கமராவில் இல்லை, பிலிமில்தான். 1975இல் அங்கேயே வேலை செய்த இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் பிலிமே இல்லாத கமராவைச் செய்து காட்டினார். (ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசெட்டில் பதிய 23 செக்கன்!) மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்குமா என்ன? 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

36 படச் சுருளைத் தொட்டுப் பார்த்த கடைசிப் பிள்ளைகள் நாங்கள். அன்று பெருநாள் படமொன்றை மாமிக்குக் கொடுப்பதென்றால் இன்னொரு கொப்பிக்குக் காசு வேண்டும். எங்கள் உம்மாமார் யார் யாருக்கு என்று எண்ணித்தான் கழுவக் கொடுத்தார்கள். இன்று ஒரு விரல் தட்டினால் குடும்பம் முழுவதற்கும் போகிறது. அல்பத்தில்தான் ஒன்றும் இல்லை.

வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் வீசிவிடாதீர்கள். நம் காலநிலைக்கு அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் படாமல் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் பண்ணிக்கொள்ளுங்கள்.