கண்டிக் கலவரமும் போர்க்காலப் பொய்களும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. ஊரின் வாயோடு அரசின் வாயும் சேர்ந்து வதந்தி பேசத் தொடங்குமாயின், அதனை மூடுதற்கு எதனைத் தேடுவது? 1915ஆம் ஆண்டில் கண்டி மாநகரில் தொடங்கி இலங்கையின் ஐந்து மாகாணங்களை உலுக்கிய கலவரத்தின் வரலாறு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

அப்பொழுது முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1914 செப்டெம்பரில் ஜெர்மனியரின் எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு பொழிந்தது. இலங்கையை அடுத்த கடலிலும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அதே ஆண்டின் இறுதியில் துருக்கி ஜெர்மனியின் பக்கஞ் சேர்ந்தது. 1915 பெப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகஞ் செய்தனர். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு ஒவ்வொரு நிழலும் ஜெர்மானியனின் நிழலாகவே தோன்றிய காலம் அது.

கண்டிக்குத் தெற்கே, மகாவலி கங்கைக் கரையில் உள்ள கம்பளையில் வேறொரு பிணக்கு வளர்ந்திருந்தது. வலகாகொடை தேவாலயத்தின் பெரஹரா, முழவும் குழலும் ஒலிக்கப் பள்ளிவாசல் ஒன்றைக் கடந்து செல்லலாமா என்பதே வழக்கு. அப்பள்ளிவாசல் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வணிகஞ் செய்த, தமிழ் பேசும் கரையோரச் சோனகருக்குரியது. பள்ளிவாசலருகே வாத்தியங்களை நிறுத்தல் வேண்டும் என 1912இல் அதிகாரிகள் கட்டளையிட்டனர். பௌத்த சமயத்தைக் காப்பதாக 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையில் ஆங்கிலேயர் தந்த வாக்குறுதியைச் சுட்டித் தேவாலயத்தார் நீதிமன்றம் ஏறினர். 1914இல் மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. உடன்படிக்கையின் நூற்றாண்டு நிறைவுறும் வேளையில் அது செல்லாக்காசாயிற்று என்ற மனப்புண் கண்டிச் சீமையெங்கும் பரவியது.

புண்ணில் வேல் பாய்ச்சுவாரும் இருந்தனர். யுத்தத்தால் பொருள்களின் விலை ஏறியது. ஏற்றத்தின் பழி முழுவதும் மூலைக்கடைச் சோனகர்மீது விழுந்தது. அநகாரிக தர்மபால நிறுவிய 'சிங்கள பௌத்தயா' போன்ற பத்திரிகைகள், அந்நிய வணிகரே நாட்டின் செல்வத்தை உறிஞ்சுவோர் என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தன. கடன் தந்தவனும் அயல்வீட்டானுமாகிய ஒருவன், எழுத்தின் வலியால் 'அந்நியன்' ஆனான். அவன் பெயரும் முகமும் மறைந்தன. இனம் ஒன்றே எஞ்சி நின்றது.

1915 மே 28ஆம் நாள் வெசாக் இரவு. கண்டி நகரின் காசில் ஹில் வீதியில் பக்திக் கீதம் பாடிவந்த குழுவொன்று பள்ளிவாசலை அணுகியபோது கூச்சல் எழுந்தது, கற்கள் பறந்தன, கைகலப்பு மூண்டது. மறுநாள் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்தனர். தலதா மாளிகைக்கு ஆபத்து என்ற வதந்தி அவர்களுக்கு முன்னே ஓடிற்று. புகையிரதப் பாதை வழியே அத்தீ கொழும்புக்கும் தென்கரைக்கும் பரந்தது. சில நாட்களுள் 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 80க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமுற்றன. குறைந்தது 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். கரையோரச் சோனகர்மீது மூண்ட பகை, தலைமுறை தலைமுறையாய் இந்நாட்டில் வாழ்ந்த இலங்கைச் சோனகரையும் விடவில்லை.

இங்கே இரண்டாம் பொய் பிறந்தது. நிகழ்ந்தது இனப்பகைக் கலவரம் என ஏற்க அரசாங்கத்திற்கு மனம் வரவில்லை. முடிக்கெதிரான சதி இது. இதன் பின்னே ஜெர்மானியரின் கை உண்டு. மதுவிலக்குச் சங்கங்கள் அச்சதியின் மறைவிடங்கள் என்ற ஐயமே அதிகாரிகளின் உள்ளத்தில் ஓங்கியது. தேசாதிபதி சேர் றொபேட் சாமேர்ஸ் ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலவரம் ஒரு வாரத்திற்குள் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். எட்வேட் ஹென்றி பெட்ரிஸ் என்னும் இளம் வணிகர் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசாங்கக் கணக்கின்படியே 60க்கு மேற்பட்ட சிங்களவர் படையினராலும் பொலிசாராலும் மாண்டனர். ஜெர்மானியச் சதிக்கான சான்று மட்டும் இறுதிவரை வெளிவரவில்லை.

பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டிருந்த அந்நாளில் சட்டநிரூபண சபையே பேசத்தக்க இடமாய் எஞ்சியது. படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911இல் தெரிவு செய்யப்பட்ட பொன்னம்பலம் இராமநாதன் அங்கே எழுந்து, இராசத்துரோகம் என்ற கட்டுக்கதையைத் துண்டு துண்டாக உடைத்தார். விசாரணையின்றிச் சுட்டதையும், குற்றம் புரிந்தார் புரியாதார் என்ற வேறுபாடின்றிச் சிங்கள மக்கள் அனைவர்மீதும் நட்டஈட்டு வரி சுமத்தியதையும் கண்டித்தார். 1916இல் இலண்டனில் நூல் ஒன்றையும் வெளியிட்டார். ஈ. டபிள்யு. பெரேரா முறையீட்டுப் பத்திரமொன்றைப் பாதரட்சைக்குள் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பர். 1915 இறுதியில் சாமேர்ஸ் நாட்டை விட்டு நீங்கினார். இராமநாதன் மீண்டபோது சிங்களத் தலைவர்கள் அவர் ஊர்ந்த வண்டியைத் தம் கைகளாலேயே இழுத்துச் சென்றனர். ஆட்சியாளரின் பொய் தோற்றது; அத்தோல்விக்கு வழிசெய்தோர் வணக்கத்திற்குரியோர்.

எனினும் அவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கல்கத்தாவில் இருந்த தர்மபால, 1915 ஜூன் 15ஆம் நாள் குடியேற்றநாட்டு மந்திரிக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஆங்கிலேயனுக்கு ஜெர்மானியன் எத்தகையவனோ, சிங்களவனுக்கு முகம்மதியன் அத்தகையவன் என்பது அதன் சாரம். சிங்களத் தலைவர்களை ஜெர்மானியரின் கையாட்கள் என்றது அரசு; முஸ்லிம்களை ஜெர்மானியருக்கு ஒப்பிட்டார் தர்மபால. எதிரெதிராக நின்ற இருவரும் யுத்தம் என்ற ஒரே உலையில் காய்ச்சிய சொல்லையே கையாண்டனர். போர்க்காலத்தில் 'எதிரி' என்ற சொல் மலிந்த நாணயம் போன்றது. எவர் கையிலும் செல்லும்.

சபையிலே வாதம், சதி உண்டா இல்லையா என்பதிலேயே நின்றது. சதி இல்லை என்று நிறுவப்பட்டதும், குற்றமே இல்லை என்பதுபோலாயிற்று. இராமநாதன் கலவரத்தின் தோற்றத்தை அதிகாரிகளின் பிழையிலும் சோனகரின் பிடிவாதத்திலும் கண்டார்; எரிந்த கடையின் முன் நின்றவனுக்காக அவர் குரல் அத்துணை உயரவில்லை. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் வாதித்தவரும் அவரே. தம்மைத் தமிழர் என அழைத்தவர், துன்பம் வந்த காலத்தில் தமக்காகப் பேசவில்லை என்னும் மனக்குறை முஸ்லிம் மக்களிடையே ஆழ வேரூன்றியது. ஒரே மொழி பேசிய இரு சமூகங்களுக்கிடையே விழுந்த பிளவுகளுள் இதுவும் ஒன்று.

மறுக்கப்பட்ட பொய் மடிந்தது. மறுக்கப்படாத பொய்யோ உயிருடன் இருந்தது. 2018 மார்ச்சில், கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியாவிலும் திகனையிலும் அது மீண்டும் எழுந்தது. வீதித் தகராறொன்றில் தாக்குண்ட சிங்களச் சாரதி உயிரிழந்ததைத் தொடர்ந்து, முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரியூட்டப்பட்டன. எரிந்த வீட்டினுள் சிக்கி ஓர் இளைஞர் மாண்டார். இம்முறை வதந்தி முகநூல் வழியே சென்றது. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தமது தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனத்தார் 2020இல் வருத்தந் தெரிவித்தனர். ஏறக்குறைய நூறாண்டு கடந்தும், அந்நிய வணிகன் என்ற பழைய சொல்லே புதிய கருவியில் ஏறி வந்தது.

1915இன் பாடம் யாதெனில், ஆள்வோரின் பொய்யை எதிர்ப்பது நீதியின் ஒரு பாதியே. நம் பக்கத்தார் நாவில் வளரும் பொய்யை, அது கல்லாகவும் தீயாகவும் மாறுமுன் மறுப்பது மற்றைய பாதி. முன்னதைச் செய்தவரை மக்கள் தேரில் வைத்து இழுப்பர். பின்னதைச் செய்வோருக்கு அத்தகைய தேர் கிடைப்பதில்லை. ஆயினும், வெசாக் இரவில் கண்டித் தெருவில் கடையைப் பூட்டிவிட்டு உறங்கச் சென்ற எளிய வணிகனின் உயிர் அவர்களை நம்பியே இருந்தது.