தட்டின் முதுகு

தஞ்சாவூர்த் தட்டைச் சுவரிலிருந்து இறக்கி முதுகைப் பார்ப்பவர்கள் அபூர்வம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறங்கும், ஒரு துணியால் துடைத்தால் மறுபடி ஏறிவிடும். உழவர்கரை நகராட்சிக்குள் லாஸ்பேட்டை, கதிர்காமம், ரெட்டியார்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும், அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டுக் கூடத்தில் இப்படி ஒன்று தொங்கும். நடுவில் பிள்ளையாரோ நடராசரோ, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பூவிதழ்கள். என்ன வேலை என்று கேட்டால் ‘எம்பாஸ்’ என்பார்கள். பாதி உண்மை.

ரெட்டியார்பாளையத்தில் உறவினர் வீட்டில் இருப்பது பிள்ளையார் தட்டு. முன்பக்கம் தொந்தி நன்றாகவே புடைத்து நிற்கிறது. திருப்பினால் பித்தளை மொட்டையாக, வழவழவென்று இருக்கிறது. தொந்திக்குப் பின்னே குழி எதுவும் இல்லை. கோயிலில் சாமிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தின் உட்புறம் இப்படி இருக்காது. வெளியே மூக்கு என்றால் உள்ளே அதே அளவு பள்ளம் இருக்கும். தகட்டைப் புடைத்தால் அப்படித்தான் வரும். உலோகத்தில் ஒரு துளி சேர்வதில்லை, ஒரு துளி குறைவதில்லை. இருப்பதே இடம் மாறுகிறது. அப்படியானால் இந்தத் தட்டின் குழி எங்கே போனது?

தட்டு பிறந்த வழியில் போனால் தெரியும். முதலில் அது கன்னார் கையில் இருக்கிறது. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பு மடக்கி, தட்டி நிமிர்த்தித் தருவதோடு அவர் வேலை முடிந்தது. பிள்ளையார் பிறப்பது வேறு பட்டறையில், பத்தர் கையில். அங்கே வார்த்து வைத்த அச்சுகள் இருக்கும். தெய்வ உருவங்களுக்குத் தனி, இதழுக்குத் தனி. மெல்லிய வெள்ளித் தகட்டையோ செம்புத் தகட்டையோ அச்சின் மேல் வைத்து அடித்து இறக்கினால் உருவத்தின் மொத்த வடிவம் வந்துவிடும். பூணூல், நகம், கிரீடத்தின் மணி எல்லாம் அதில் மழுங்கித்தான் இருக்கும். அவற்றை முன்பக்கமிருந்து சிறு உளிகளால் தட்டித் தெளிவாக்க வேண்டும். இந்த உளிக்கு வெட்டும் முனை கிடையாது. கோட்டை அழுத்தும், தகட்டைக் கிள்ளாது. செதுக்கு வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்: செதுக்கினால் பட்டறைத் தரையில் உலோகச் சுருள் விழும், இங்கே எதுவும் விழாது.

பின்பக்கக் குழியை அரக்கால் நிரப்புகிறார்கள். குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் கலவை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். தொந்திக்குள் இருப்பது அதுதான். இல்லாவிட்டால் யாராவது கட்டைவிரலால் அழுத்தியதுமே பிள்ளையார் ஒட்டிப்போவார்.

மூன்றாவது ஆள் கல் பதிக்கிற வேலை தெரிந்தவர். பித்தளைத் தட்டில் உருவத்தின் வரம்பை ஒட்டிக் காடி எடுத்து, வெள்ளித் தகட்டின் விளிம்பை அதில் செருகி, காடியின் உதட்டைத் தட்டி மூடுகிறார். மோதிரத்தில் கல்லைப் பிடிக்கும் அதே புத்தி. பற்ற வைப்பு இல்லை, ஆணி இல்லை. தட்டின் உயிர் இந்த மூட்டில்தான் என்பேன். எம்பாஸ் என்ற பெயர் பத்தரின் வேலைக்கு மட்டும் பொருந்தும், இவர் வேலைக்குப் பெயரே வெளியில் வருவதில்லை. பீதரின் பித்ரி வேலையைச் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அதில் வெள்ளிக் கம்பி கலத்தின் மட்டத்துக்கே இறங்கிவிடும், தடவினால் விரலில் தட்டாது. தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகள் எழும்பி நிற்பதும் எம்பாஸ் இல்லை. சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து மேலே ஏற்றி, தங்கத் தாள் ஒட்டியது அது.

நாணயமும் வேறு. புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழைய சங்கதி: ஆளுநர் துய்மா காலத்தில், 1736இல், ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கி இங்கே ரூபாய் அடித்தார்கள். இரண்டு அச்சுக்கு நடுவே கட்டி வில்லையை வைத்து ஓங்கி அடிக்க, உலோகம் இருபக்கமும் பிதுங்கி உருவம் ஏறும். ஒரு முகத்தில் உள்ள மேட்டுக்கு மறு முகத்தில் பள்ளம் இருக்காது.

இரண்டாம் சரபோஜி காலத்தில்தான் இந்தத் தட்டு தொடங்கியது என்பது தஞ்சாவூர் வழக்கு. அரண்மனைப் பரிசு, பிறகு வெள்ளைக்காரர்களுக்குப் பரிசு, இப்போது ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பரிசு. சென்னையில் பி.ஓர் அண்ட் சன்ஸ் தெய்வ உருவங்களை வெள்ளியில் புடைத்துச் செய்த ‘சாமி வேலை’ தேநீர்க் கலங்கள், 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் போய்ச் சேர்ந்தன. இளவரசர் இங்கே பெற்ற பரிசுகள் 1878 பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதே கண்காட்சியில் சுதந்திர தேவி சிலையின் தலையும் நின்றது. அந்தச் சிலையும் செம்புத் தகட்டைப் புடைத்துச் செய்ததுதான். சுமார் 2.4 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே அரக்குக்குப் பதில் இரும்புச் சட்டம்.

நம் பிள்ளையார் தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி வந்தார். நகரத்துக் கடையொன்றில் தட்டின் அடியில் ஒரு பித்தளைப் பட்டை சேர்ந்தது. அதில் பெயர், ‘பணி நிறைவு’, தேதி. அந்த எழுத்துகளை இயந்திர ஊசி வெட்டி எடுத்திருக்கிறது. நகத்தால் வருடினால் ஓரம் சுரண்டும். இந்தத் தட்டில் செதுக்கு வேலை என்று சொல்லக்கூடியது இந்த ஒரு வரிதான்.

இப்போது கடைகளில் அழுத்து இயந்திரத்தில் ஒரே அடியாக அடித்த தட்டுகளும் கிடைக்கின்றன. அச்சு அப்போதும் இருந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அச்சுக்குப் பிறகு உளி பட்டதா என்பதுதான் கேள்வி. முகத்தில் கண்ணிமைக் கோடு தெளிவாக இருக்கிறதா, தும்பிக்கை மடிப்பு பிரிந்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தட்டைத் திருப்புங்கள். முதுகில் உருவம் குழியாகத் தெரிந்தால் அது ஒற்றைத் தகட்டில் அடித்தது. அதற்கேற்ற விலை கொடுங்கள். வீட்டில் பழைய தட்டு இருந்தால் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், உள்ளே அரக்கு இளகும். புளி போட்டுத் தேய்த்து ஊற வைக்கவும் வேண்டாம். ஈரம் மூட்டுக்குள் இறங்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.