அய்யனார் புரவி: கறம்பக்குடி வட்டாரத்தின் மண்குதிரை மரபு

புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி, ஆலங்குடி வட்டாரங்களில் அய்யனார் கோயில்களின் முன் நிற்கும் புரவிகள், உண்மையான விலங்கொன்றைக் கற்பனைப் போர்வீரனாக உயர்த்திய மரபுக்குச் சான்றுகளாகும். இரவில் அய்யனாரும் அவருடைய பரிவாரத் தெய்வமான கருப்பரும் இவற்றின்மீது ஏறி ஊரெல்லையைக் காவல் சுற்றுவர் என்ற நம்பிக்கையே இவ்வடிவத்தின் அடிப்படை.

குதிரை தமிழகத்தின் இயல்பான விலங்கன்று. அது கடல்வழியே வந்த விலையுயர்ந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் பெருந்தொகையாக வாங்கப்பட்டதையும், அவற்றுள் பெரும்பாலானவை பராமரிப்பின்றி மடிந்ததையும் குறித்துள்ளார். இதே மாவட்டத்து ஆவுடையார்கோயிலோடு இணைந்த மாணிக்கவாசகர் வரலாற்றில், பாண்டியனின் குதிரைப் பணம் கோயிலுக்குச் செலவாகிவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கியதாகச் சொல்லப்படுவதும் குதிரைக்கு இருந்த அரசியல் மதிப்பைக் காட்டும். பின்னர் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் முன்னோர் குடியேறிய இடங்களாகக் கறம்பக்குடியும் அம்புக்கோவிலும் சொல்லப்படுவதால், படைத்தொழிலும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியதாயிருந்த அவ்விலங்கை ஊருக்கு உரியதாக்கியவர்கள், மண்பாண்டத் தொழிலோடு கோயில் பூசையும் செய்துவந்த வேளார்கள். புரவி செய்யுமாறு கோயில் மண்ணில் ஒரு பிடியை ஊரார் அவர்களிடம் ஒப்படைக்கும் சடங்கு ‘பிடிமண்’ எனப்படும். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, கால்களை உள்ளீடற்ற குழல்களாக எழுப்பி, அவை காய்ந்து இறுகியபின் உடலையும் கழுத்தையும் படிப்படியாக ஏற்றிச் சுடுவர். எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் கால்கள் தூண்போல் நேராக அமைய, பிதுங்கிய விழிகளும், வெளித்தெரியும் பற்களும், சேணமும், சலங்கை மாலையும் போர்க்கோலத்தைத் தருகின்றன. கண்திறப்புச் சடங்குக்குப்பின் ஊரார் அதைச் சுமந்து சென்று கோயிலில் நிறுத்துவதே ‘புரவியெடுப்பு’ விழா.

இவ்வடிவத்தின் பேருருவை, கீரமங்கலத்துக்கு அருகிலுள்ள குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலையில் காணலாம். மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் சாத்தப்படுகின்றன. இன்று பல ஊர்களில் சுடுமண்ணின் இடத்தைச் சிமெண்ட் பிடித்துவருகிறது. சிமெண்ட் உருவம் நெடுநாள் நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் பிடிமண்ணும் சூளையும் இல்லாத இடத்தில் எஞ்சுவது குதிரையின் தோற்றமே அன்றி, அதைக் காவல் வீரனாக்கிய மரபு அன்று.